கிராணி வீட்டுப் பையனின் கோட்டு

நூறு ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூர் வட்டாரத்தில், பள்ளிக்குப் புறப்படும் ஒரு தமிழ்ப் பையனின் உடுப்பைப் பார்த்தே அவன் அப்பாவின் வேலையைச் சொல்லிவிடலாம். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைக் கோட்டு, முழங்கால்வரை சிலுவார் என்னும் காற்சட்டை, நீளக் காலுறை, கறுப்புச் சப்பாத்து என்றால் அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. சட்டையும் நாலு முழ வேட்டியும் நெற்றி நிறைய விபூதியும் என்றால் பத்து ரோட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர். கிள்ளானுக்கு வெளியே ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அதே வயதுப் பையனுக்கு இடுப்பில் ஒரு துண்டு இருக்கும், அல்லது அப்பாவின் பழைய காக்கியிலிருந்து வெட்டிய அரைச் சிலுவார் இருக்கும். மேலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

மூன்று வீட்டிலும் பேசியது தமிழ்தான். தைப்பூசத்துக்கு மூன்று வீடும் போனது பத்துமலைக்குத்தான். ஆனால் கோட்டு மட்டும் ஒரு வீட்டோடு நின்றுவிட்டது. அது எப்படி வந்தது, யார் தைத்தார்கள், எப்போது கழன்றது, பிறகு ஏன் எல்லார் வீட்டுக்கும் திரும்பி வந்தது என்று தேடிப்போனால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்களின் படிப்பும் வேலையும் மானமும் சேர்ந்த ஒரு வரலாறு கிடைக்கிறது.

சிறுவர்களுக்கென்று தனி உடுப்பு என்பதே ஐரோப்பாவில் அப்படியொன்றும் பழைய வழக்கமல்ல. அங்கே ஆண்பிள்ளை நாலைந்து வயதுவரை கவுன்தான் போட்டான். அதைக் கழற்றியதும் அப்பாவின் உடுப்பை அப்படியே சிறிதாக்கி மாட்டிவிட்டார்கள். 1780-களில்தான் பையன்களுக்கென்றே ஓர் உடுப்பு வந்தது: குட்டை ஜாக்கெட், அதன் இடுப்பைச் சுற்றிப் பொத்தான்கள், அந்தப் பொத்தான்களில் மாட்டிக்கொள்ளும் நீளக் காற்சட்டை. 1846-இல் விக்டோரியா மகாராணியின் நாலு வயது மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்கு அரச கப்பலில் மாலுமி உடுப்பு ஒன்றைத் தைத்துப் போட்டார்கள். விண்டர்ஹால்ட்டர் என்ற ஓவியர் அந்தக் கோலத்தில் அவனை வரைந்தார். அந்தப் படத்துக்குப் பிறகு, முதுகில் சதுரமாக விழும் கழுத்துப்பட்டையும் நீலக் கோடுகளும் கொண்ட மாலுமி உடுப்பு ஐரோப்பா முழுவதும் பரவி, கப்பல்கள் போன துறைமுகங்களுக்கெல்லாம் போனது. ஈட்டன் பள்ளியின் இடுப்பளவுக் கறுப்புக் கோட்டும் விறைத்த அகலக் காலரும் இன்னொரு பக்கம் பரவின. 1886-இல் புத்தகமாக வந்த பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் 'லிட்டில் லார்ட் ஃபாண்டில்ராய்' கதையின் ஓவியங்களைப் பார்த்து, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தாய்மார்கள் தங்கள் பையன்களுக்கு வெல்வெட் கோட்டும் லேஸ் காலரும் மாட்டத் தொடங்கினார்கள். அந்தப் பையன்களில் பலர் அதை வெறுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது.

கவுன் போட்ட ஆண்பிள்ளை என்றதும் தமிழ் வாசகர் வியக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டு வயதில், 1884-இல், வெள்ளைக் கவுனும் இறகு வைத்த தொப்பியுமாக எடுத்துக்கொண்ட படம் புகழ்பெற்றது. நம் வீடுகளிலும் முதல் மொட்டைக்கு முன்னால் ஆண்பிள்ளையின் முடியைப் பின்னி, பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டியோடு ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போகும் வழக்கம் உண்டு. பாவாடையில் ஒரு படம், மொட்டைக்குப் பிறகு கோட்டில் ஒரு படம். இரண்டையும் அருகருகே ஒட்டிய ஆல்பங்கள் கிள்ளானிலும் உண்டு, காரைக்குடியிலும் உண்டு.

கோலாலம்பூருக்கு இந்தக் கோட்டு ரயிலோடு வந்தது என்றே சொல்லலாம். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் இடையே முதல் ரயில் ஓடியது. ரயிலுக்குக் கணக்கெழுதவும் தந்தி அடிக்கவும் ஸ்டேஷன் பார்க்கவும் ஆங்கிலம் படித்த ஆட்கள் வேண்டியிருந்தார்கள். இலங்கைப் பொதுப்பணித்துறையில் இருந்துவிட்டு 1891-இல் சிலாங்கூருக்கு வந்த சார்லஸ் எட்வின் ஸ்பூனர், பின்பு 1901-இல் மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கே தலைமை ஏற்றார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்களை அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர்கள் வரிசையாக வந்தார்கள். செங்கல் சூளைகள் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அவர்களுடைய குடியிருப்பாக மாறியது. 1902-இல் ஸ்காட் ரோட்டில் கந்தசுவாமி கோயிலை எழுப்பத் தொடங்கினார்கள். 1904-இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. கோயிலுக்கு வேட்டி, ஆபீசுக்குக் கோட்டு என்ற இரண்டு உடுப்பு வாழ்க்கை அந்தத் தெருக்களில் அப்போதே நிலைத்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டு போடும் வயதில் வெள்ளைக்காரப் பையன்கள் கோலாலம்பூரில் அதிகம் இல்லை. துரைமார்களும் அதிகாரிகளும் ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். வெயிலும் காய்ச்சலும் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே கோலாலம்பூர்த் தெருவில் ஐரோப்பியப் பாணிக் கோட்டோடு நடந்த பையன்களில் பெரும்பாலோர் ஆசியப் பிள்ளைகள், யூரேசியப் பிள்ளைகள்: யாழ்ப்பாணக் கிராணியின் மகன், ஈய வயல் முதலாளியின் பேரன், மலையாளி டிரஸ்ஸரின் தம்பி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பையனைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று சொல்ல அங்கே அப்படி ஒரு பையனே இல்லை. கடை ஜன்னலையும் படங்களையும் தங்கள் ஆபீசையும் பார்த்து இவர்களாகவே ஒரு பாணியை உருவாக்கிக்கொண்டார்கள்.

கடைகள் இருந்தன. கல்கத்தாவிலிருந்து கிளை பரப்பிய வைட்டவே லெய்ட்லா கோலாலம்பூரிலும் கடை வைத்திருந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் அதே நிறுவனத்தின் மாளிகைதான் பிற்காலத்தில் சுதேசமித்திரன் பத்திரிகையின் இடமாகி, விக்டரி ஹவுஸ் என்று பெயர் பெற்றது. சிங்கப்பூரின் ராபின்சன்ஸ் 1928-இல் கோலாலம்பூரில் கிளை திறந்தது. இந்தக் கடைகளில் இங்கிலாந்தில் தைத்த சிறுவர் உடுப்புகள் கிடைத்தன. ஆனால் ஒரு கிராணி தன் சம்பளத்தில் நாலு பையன்களுக்கு அங்கே வாங்க முடியாது. ட்ரில் துணி வாங்கித் தெருமுனைத் தையற்கடைக்குப் போனார். தமிழர், சீனர், வடஇந்தியர் என எல்லாரும் கோலாலம்பூரில் தையல் தொழிலில் இருந்தார்கள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு தையற்காரர் அளவெடுக்கும்போது அப்பா சொல்லும் ஒரே வாசகம் எல்லா மொழியிலும் ஒன்றுதான்: வளர்கிற பையன், கொஞ்சம் பெரிதாகவே தையுங்கள். கை நுனியிலும் சிலுவார் அடியிலும் இரண்டு மூன்று விரல் துணியை உள்ளே மடித்துத் தைத்தார்கள். பையன் உயர உயர அந்த மடிப்பைப் பிரித்து இறக்கினார்கள். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக்கோடு மங்கலாகத் தெரியும். அண்ணன் போட்டு முடித்ததும் அது தம்பிக்கு வரும், கோடுகளோடு.

அந்தக் கோட்டின் வெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது லண்டன் வெட்டு அல்ல. மடிப்புக் காலரும் டையும் இல்லாமல், கழுத்துவரை நேராகப் பொத்தான் போட்டு, நின்ற காலரோடு முடியும் வெள்ளைக் கோட்டு அது. மலாயாவில் அதைத் துத்துப் கோட்டு என்பார்கள். ஜாவாவில் டச்சு அதிகாரிகள் போட்டதும் ஏறக்குறைய இதே வெட்டுதான். உள்ளே சட்டை வேண்டாம், பனியன் போதும், டை வேண்டாம். ஆகவே புழுக்கமும் செலவும் குறைவு. மெல்லிய வேலைப்பாடு ஒன்றும் அதில் இருந்தது. பொத்தான்களைத் துணியில் தைத்துவிட மாட்டார்கள். இரண்டு பக்கமும் காஜா எடுத்து, பொத்தானைச் சிறு வளையத்தால் உள்ளேயிருந்து மாட்டுவார்கள். சலவைக்குப் போகும் முன் பொத்தான்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவைப்பது வீட்டுப் பையனின் வேலை. சலவைக் கல்லில் ஓங்கி அடித்துத் துவைத்தால் எந்தப் பொத்தானும் தப்பாது. கஞ்சி போட்டு, கரிப்பெட்டியால் தேய்த்து வந்த கோட்டு காலையில் பலகையாக நிற்கும். மத்தியானம் மழையிலோ வியர்வையிலோ தொய்ந்துவிடும். தினம் ஒரு கோட்டு என்று வைத்தால் ஒரு பையனுக்கு வாரத்துக்கு ஐந்து வேண்டும். வெள்ளை உடுப்பின் உண்மையான செலவு துணியில் இல்லை, வண்ணான் கணக்கில் இருந்தது. வெள்ளையாகவே வைத்திருக்க முடிகிறது என்பதுதான் அந்த வீட்டின் வசதிக்கு அத்தாட்சி.

கோட்டும் வேட்டியும் சேர்ந்து போவதில் அன்றைய தமிழர்களுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. பாரதியின் கறுப்புக் கோட்டை அறியாத தமிழர் உண்டா? சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வக்கீல்களும் வாத்தியார்களும் கீழே வேட்டி, மேலே கோட்டு, தலையில் தலைப்பாகை என்றுதான் இருந்தார்கள். மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறைக் கிராணிகளும் அப்படித்தான். அவர்களுடைய பையன்களின் காலத்தில்தான் கீழ்ப்பாதியும் மாறியது. இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. இலங்கையில் ஆனந்த குமாரசுவாமி 1905-இல் ஒரு சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஐரோப்பிய வழக்கங்களை யோசிக்காமல் பின்பற்றுவதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. உடுப்பும் அதில் அடக்கம். அவர் கவலை நியாயமானது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய கிராணிக்குக் கோட்டு என்பது பிழைப்பு. அதைத் தன் மகனுக்கும் மாட்டியபோது அவர் ஆங்கிலேயனாக ஆசைப்பட்டார் என்று சொல்வது அவருக்கு இழைக்கும் அநீதி. தன் நாற்காலி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்கு அவர் எழுதிய விண்ணப்பம் அது.

அந்த நாற்காலிக்கான வழி பள்ளிக்கூடம். விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் 1893-இல் கிள்ளான் ஆற்றங்கரையில் ஹை ஸ்திரீட்டில் உருவானது. யாப் குவான் செங், லோக் யூ ஆகியோருடன் அதை எழுப்பியவர்களில் ஒருவர், மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் கோயிலையும் நிறுவிய தம்புசாமிப் பிள்ளை. கிள்ளானில் ஆங்கிலோ சைனீஸ் பள்ளியும் 1893-இல்தான் தொடங்கியது. கோலாலம்பூரின் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897-இல், செயின்ட் ஜான்ஸ் 1904-இல். இந்தப் பள்ளிகளின் ஆரம்பகால வகுப்புப் படங்களைப் பார்ப்பது ஒரு விருந்து. ஒரே பெஞ்சில் பின்னல் தொங்கும் சீனப் பையன், சொங்கோக் வைத்த மலாய்ப் பையன், தலைப்பாகைச் சீக்கியப் பையன், விபூதி பூசித் துத்துப் கோட்டு போட்ட தமிழ்ப் பையன் எல்லாரும் இருப்பார்கள். யாருக்கும் சீருடை இல்லை. அவரவர் வீட்டு உடுப்பில் வந்தார்கள். 1911-இல் சீனப் புரட்சி வந்து பின்னல்கள் அறுபட்டன. 1920-களின் படங்களில் வரிசை முழுவதும் வெள்ளையாகிவிடுகிறது. விக்டோரியாவில் 1901-இலேயே கேடட் படை அமைந்துவிட்டது. சாரணர் இயக்கமும் வந்து சேர்ந்தது. காக்கி அரைச் சிலுவாரின் சுகத்தைப் பையன்கள் கண்டுகொண்டது அங்கேதான். ஓடவும் மரமேறவும் கோட்டு உதவாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோட்டு இல்லாத வீட்டுக்கும் கோட்டு கிடைக்கும் இடம் ஒன்று இருந்தது. போட்டோ ஸ்டூடியோ. சுவரில் வர்ணம் தீட்டிய மாடிப்படி, பூந்தொட்டி, ஏரி. ஓர் ஆணியில் இரண்டு மூன்று அளவுகளில் கோட்டும் தயாராக முடிச்சிட்ட டையும். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். பெரிதாக இருந்தால் முதுகுப்பக்கம் துணியைப் பிடித்துக் கிளிப் போட்டுவிடுவார்கள், முன்னால் தெரியாது. அந்தப் படம் கப்பலேறி நாகப்பட்டினத்துக்கோ பருத்தித்துறைக்கோ போகும். பேரன் மலாயாவில் நன்றாக இருக்கிறான் என்று பாட்டிக்குச் சொல்ல அதைவிடச் சுருக்கமான கடிதம் இல்லை. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பெற்றோர் தங்கள் நம்பிக்கையைப் படமாக எடுத்து அனுப்பினார்கள்.

தையற்கடைக்குள்ளேயே இன்னொரு பையன் இருந்தான். காஜா எடுக்கும் பையன். பத்துப் பன்னிரண்டு வயதில் தொழில் பழக வந்து, மிஷினில் உட்காரும் காலம் வரும்வரை பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருப்பான். தன் வயதுப் பையன்களின் கோட்டுகளுக்கெல்லாம் காஜா எடுத்தவனுக்கு ஒரு கோட்டு தைத்துக்கொள்ளும் வசதி வர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். சிறுவர் உடுப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் போட்டவனைப் பற்றி எழுதுகிறார்கள், தைத்த சிறுவனை விட்டுவிடுகிறார்கள்.

இனி லயத்துக்கு வருவோம். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். பள்ளி என்ற பெயரில் பல தோட்டங்களில் இருந்தது ஒரு கொட்டகை. கணக்கு தெரிந்த கங்காணியோ ஆபீஸ் பையனோ வாத்தியார். 1920-களின் கடைசியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் வழக்கமான கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930-களின் தொடக்கத்தில் அதுவும் வெட்டப்பட்டு, பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கணக்கில் பையனுக்கு ஆண்டுக்கு ஒரு புது உடுப்பு என்பதே தீபாவளியை நம்பித்தான். பால்மரக் கறை பட்டால் துணி போகாது. விடியற்காலையில் அம்மாவுக்குப் பால் மங்கு துடைக்கப் போகும் பையனுக்கு வெள்ளை ட்ரில்லை யார் வாங்கிக் கொடுப்பார்கள்?

தோட்டத்தில் உடுப்புக்கு ஓர் அடுக்கு இருந்தது. துரைக்குத் தொப்பியும் காக்கியும், கிராணிக்குக் கோட்டு, கங்காணிக்குக் கோட்டும் வேட்டியும் தலைப்பாகையும், தண்டலுக்குச் சட்டை, மற்றவர்களுக்குக் கிடைத்தது. கோட்டு போட்டவர் வந்தால் போடாதவர் ஒதுங்க வேண்டும், சைக்கிளில் போனால் இறங்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற பெரும் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வு, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, துரைமாருக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லாத உரிமையும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே பெரியார் மலாயா முழுவதும் சுற்றிப் பேசிவிட்டுப் போயிருந்தார். 1929 டிசம்பரில் பினாங்கில் இறங்கியவர் கோலாலம்பூரிலும் பேசினார். சட்டை போடுவதும் செருப்பு போடுவதும் சலுகை அல்ல, உரிமை என்ற பேச்சு லயங்களுக்குள் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பயணமும் அதைத் தொடர்ந்த சீர்திருத்தச் சங்கங்களும் காரணம்.

1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். ஜப்பான்காரன் காலம் என்று இன்றும் முதியவர்கள் சொல்லும் அந்த மூன்றரை ஆண்டுகளில் இறக்குமதித் துணி முற்றிலும் நின்றது. பெட்டியில் இருந்த கோட்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. முதுகுப் பலகை பையனுக்குச் சட்டையாகியது, கைகள் குழந்தைக்கு உள்ளுடுப்பாகின. மிச்சத்தை அரிசிக்கு மாற்றினார்கள். தோட்டங்களில் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள், ரப்பர் ஷீட்டையே உடுப்பாக்கினார்கள். சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அதே காலத்தில், 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகு, பாலக் சேனாவில் சேர்ந்த சிறுவர்கள் சீருடை போட்டு அணிவகுத்தார்கள். கிராணியின் மகனும் தோட்டத்துப் பையனும் ஒரே வரிசையில் ஒரே உடுப்பில் நின்றது அநேகமாக அதுதான் முதல் முறை.

போர் முடிந்து துணி திரும்பி வந்தபோது கோட்டு அதோடு வரவில்லை. பள்ளிக்கு அரைக்கை வெள்ளைச் சட்டையும் அரைச் சிலுவாரும் போதும் என்றாகிவிட்டது. பல பள்ளிகளில் மேல் வகுப்புக்கு வந்தால்தான் நீளச் சிலுவார். அந்த நாளுக்காகப் பையன்கள் காத்திருந்தார்கள், மீசைக்குக் காத்திருந்ததுபோல. 1970-இல் நாடு முழுவதற்குமான பள்ளிச் சீருடை வந்தது. இன்று தொடக்கப்பள்ளிப் பையனுக்கு வெள்ளைச் சட்டை, கருநீலச் சிலுவார். இடைநிலைப்பள்ளியில் வெள்ளைச் சட்டை, ஆலிவ் பச்சை நீளச் சிலுவார். பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து விக்டோரியாவுக்குப் போய்ப் பெரும் தொழிலதிபரான ஆனந்த கிருஷ்ணனின் தலைமுறை, 1938-இல் பிறந்த தலைமுறை, கோட்டுக்கும் சீருடைக்கும் நடுவில் வளர்ந்தது. நாட்டின் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எதற்குப் போனாலும் இப்போது உடுப்பை வைத்து அப்பாவின் வேலையைச் சொல்ல முடியாது. கோட்டு பள்ளியை முழுதாக விட்டுவிடவில்லை. மாணவர் தலைவனின் பிளேசராக, பேச்சுப்போட்டிக்குப் போகிறவனின் பிளேசராக, பையில் முத்திரை தைத்து இன்னும் இருக்கிறது. ஆனால் அதை வாங்கித் தருவது அப்பாவின் சம்பளம் அல்ல, அவன் பெற்ற பொறுப்பு. இதை ஒரு முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

வீட்டு உடுப்பின் கதை தீபாவளித் தையற்கடையில் தொடர்ந்தது. 1960-களிலும் 70-களிலும் சம்பளமும் போனசும் வந்த கையோடு குடும்பம் பத்து ரோட்டுக்கோ மஸ்ஜித் இந்தியாவுக்கோ போகும். கிள்ளான்காரர்களுக்கு இன்று தெங்கு கிளானா சாலை என்று பெயர்பெற்ற கடைத்தெரு. அப்பா ஒரே துணியில் ஒரு முழு பீஸ் வாங்குவார். நாலு பையன்களுக்கும் அதே துணி, அதே வெட்டு, நாலு அளவு. மிச்சமிருந்தால் அவருக்கும் ஒரு சட்டை. கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் அண்ணனைக் காட்டித் தேடலாம். டெரிலினும் டெட்ரானும் வந்த பிறகு கஞ்சிக்கும் கரிப்பெட்டிக்கும் வேலை போனது. துவைத்து உதறினால் போதும், ஆனால் வெயிலில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சினிமாவைப் பார்த்து சஃபாரி சூட் வந்தது. நாலு பையுள்ள அரைக்கைக் கோட்டும் அதே நிறத்தில் பெல்பாட்டமும். எட்டு வயதுப் பையனுக்கும் அதைத் தைத்தார்கள். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே ஆர்டர் இல்லை என்று பலகை மாட்டிவிட்டு, இரவெல்லாம் மிஷின் ஓட்டிய கடைகள் அவை. தோட்டத்துப் பையனுக்கு முதன்முதலாகத் தன் அளவுக்கு ஒருவர் டேப் வைத்து அளந்து தைத்த உடுப்பு கிடைத்தது இந்தக் காலத்தில்தான். கோட்டு பரவலானதன் உண்மையான தேதி இதுவே என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு.

கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு கோட்டும் இருந்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910-இல் முதல் நன்மை வாங்கும் வயதை ஏறத்தாழ ஏழாகக் குறைத்தார். உலகெங்கும் ஏழு வயது அளவில் வெள்ளை சூட் தைக்கும் தேவை பிறந்தது அந்த ஆணையால்தான். கிள்ளான் லூர்து மாதா கோயில் 1928-இல் கட்டப்பட்ட நாளிலிருந்து அங்கே மெழுகுவர்த்தி பிடித்து நின்ற தமிழ்ப் பையன்களின் வெள்ளைக் கோட்டு அந்த வரிசையில் வருவது. அதுபோலவே, யாழ்ப்பாணத் தமிழர் கல்யாணத்தில் மணமகளின் தம்பி தோழனாக வந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்குவான். அவனுக்கும் அன்றைக்குத் தனி உடுப்பு உண்டு.

இன்றைய மலேசியத் தமிழ்க் கல்யாணம் ஒரே நாளில் இரண்டு உடுப்பு கேட்கிறது. காலையில் கோயிலிலோ மண்டபத்திலோ பையனுக்கு ஒட்டு வேட்டியும் பட்டுச்சட்டையும். இரவு விருந்துக்கு மூன்று துண்டு சூட்டும் போ டையும். 1990-களில் இந்திப் படங்களோடு ஷெர்வானி வந்தது, பிறகு குர்த்தாவும் அதன்மேல் போடும் கையில்லாத நேரு கோட்டும். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார். அந்தத் தெருவின் கடைகளில் ஒரு வயதுக் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் சூட்டிலிருந்து எல்லாம் தொங்குகின்றன. பழைய கிராணிகளின் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் அவர்கள் கனவு கண்ட கோட்டு, டவுனுக்குக் குடிவந்த தோட்டத்துக் குடும்பத்தின் பேரனுக்கும் எட்டும் விலையில் விற்கிறது.

2016-இல் வந்த பா. ரஞ்சித்தின் 'கபாலி' இந்த விஷயத்தை நேராகவே தொட்டது. தோட்டத் தொழிலாளர் மத்தியிலிருந்து எழுந்த நாயகன் கோட்டு போடுவதற்குக் காரணம் இருக்கிறது என்றது படம். காந்தி உடுப்பைக் குறைத்ததையும் அம்பேத்கர் கோட்டு போட்டதையும் அது ஒப்பிட்டுப் பேசியது. காந்தி அந்த முடிவை எடுத்தது மதுரையில், 1921 செப்டம்பரில். எல்லாம் இருந்தவர் கழற்றியதும், மறுக்கப்பட்டவர் போட்டுக்கொண்டதும் இரண்டுமே பெரிய செயல்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறுவர் கோட்டு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வெயிலுக்குப் பொருந்தாது, செலவு அதிகம், அந்நியப் பாணி என்று அதன்மேல் சொல்லப்பட்ட குறைகள் எல்லாம் உண்மை. அவற்றோடு சேர்த்து, மகன் தன்னைவிட நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நினைத்த பெற்றோரின் உழைப்பும் உண்மை.

கோட்டு போட்ட வீடுகளுக்குப் படங்கள் மிஞ்சியிருக்கின்றன. லயத்து வீடுகளுக்கு அநேகமாக எதுவும் இல்லை. ஆல்பம் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் ஆண்டு, ஊர், ஸ்டூடியோ, பையனின் பெயர், தைத்தவர் யார் என்பதை எழுதிவையுங்கள். தோட்டத்தில் வளர்ந்து எண்பதைத் தாண்டிய தாத்தாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், தோட்டப் பள்ளிக்கு என்ன போட்டுப் போனீர்கள், அந்தத் துணி எங்கே வாங்கியது, யார் தைத்தது என்று கேட்டு ஃபோனில் பதிவு செய்யுங்கள். அடுத்த தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் கூடுவார்கள். அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.